மூன்று நாள் தடிமன்

முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். நிர்ப்பீடனம், அதுதான் உடம்பின் நோயெதிர்ப்பு, என்ற பாடம் வரும்போது கரும்பலகையில் வெண்குருதிக் கலத்தை ஒரு கோணல் வட்டமாக வரைவேன். அது கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்குவதை அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். பரீட்சையில் அந்தப் படத்தைப் பிழையாகக் கீறும் பிள்ளைகளுக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழும். அப்படிப்பட்ட நான், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் கணவர் செத்துப்போவார் என்ற பயத்தில் நாலு மாதம் கிடந்தேன்.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் கதைக்கமாட்டார். உடம்பைப் பற்றி அறவே கதைக்கமாட்டார். வயிறு பொருமுகிறது, சாப்பாடு இறங்குதில்லை என்பதை இரண்டு மாதம் எனக்கு ஒளித்தார், கடைசியில் நான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பெருங்குடலில் கட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டி குடலை அடைத்துக்கொண்டு வருகிறது, வெட்டி எடுக்கவேண்டும், கொஞ்ச மாதத்துக்கு வயிற்றில் ஒரு பை கட்டவேண்டி வரும், பிறகு இன்னொரு ஒப்பரேசன் செய்து குடலைத் திரும்பப் பொருத்தலாம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் தந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் புத்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தோடு கிறிஸ்து வேதத்துக்கு வந்த குடும்பம். பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அட்டமி, நவமி பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் நான் பகிடி பண்ணுவேன். ஆனால் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்கும், சைவமோ வேதமோ, ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அது பிள்ளையின் லீவு. கலியாணம், புது வீடு குடிபூரல், காணி எழுதுவது, பல்லுக் கட்டுவது, ஒப்பரேசன், எல்லாம் அந்தப் பதினாலு நாளுக்குள் விழவேண்டும். எங்கள் ஒரே மகள் லண்டனில் இருந்து லீவு எடுத்து ரிக்கெட் போட்டாள். ஒப்பரேசன் நாள் அவள் வந்து ஐந்தாம் நாள். மிச்ச நாளில் அவள் தகப்பனைப் பார்த்துவிட்டுப் போகலாம். கணக்குப் பொருந்திவிட்டது என்று நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

மகள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து இறங்கினாள். "பிளேனுக்குள்ளை ஒரே குளிர் அம்மா," என்றாள். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் வைத்தே தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவர் மெலிந்துபோன தோள்களைக் கண்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய கழுத்துக்குள் முகத்தை வைத்து அழுதாள். தள்ளி நில் என்று அந்த நேரத்தில் எந்தத் தாய் சொல்லுவாள்? நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அதற்கடுத்த நாள் மூக்கால் ஒழுகியது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன், கமக்கட்டுக்குள் தேர்மாமீற்றரை வைத்து வைத்து எடுத்தேன். காய்ச்சல் இல்லை. சின்னத் தடிமன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளோ மூக்குத் துடைத்த தன்னுடைய கைலேஞ்சியைச் சுருட்டிக் கைக்குள் ஒளித்துக்கொண்டு, தகப்பன் தும்மும் போதெல்லாம் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் வாட்டில் சேர்த்தோம். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். இளம் பெண் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். கையில் கோப்பு. சீனி வருத்தம், பிறஷர், முந்தி மயக்க மருந்து கொடுத்தது, கட்டிய பல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கேட்டார்:

"தடிமன், இருமல், காய்ச்சல் ஏதும் இந்தக் கிழமை இருந்ததோ ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். அது அவருடைய பழக்கம். சேட் அளவு கேட்டாலும் என்னைத்தான் பார்ப்பார், குளிசையின் பெயர் கேட்டாலும் என்னைத்தான் பார்ப்பார். நான் மகளைப் பார்த்தேன். அவளுடைய கைலேஞ்சிக் கை பின்னுக்குப் போனது. தடிமன் என்று சொன்னால் நாளைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் அவள் போய்விடுவாள், கட்டி இன்னும் அடைக்கும். எல்லாவற்றையும் விட, தன்னால்தான் தள்ளிப்போனது என்று அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் தலைக்குள் ஓடியது.

"ஒண்டுமில்லை டொக்டர்," என்றேன்.

டொக்டர் எழுதினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு வரைக்கும் நானும் மகளும் கூடப் போனோம். கதவு மூடுவதற்கு முதல் அவர் கையை உயர்த்தித் தாதியைக் கிட்ட வரச் சொல்லுவது தெரிந்தது. தாதி குனிந்தார். சலம் போகவேண்டும் என்று சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். பிறகு கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே மெஷின் ஒன்றை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். வெளியே வந்த ஒருவரிடம் கேட்டேன். இன்னும் தொடங்கவில்லை, கொஞ்சம் பிந்தும் என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நேரம் முழுக்க நான் மர வாங்கில் குந்தியிருந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், இப்போது வந்து என்னைக் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு பயம். கண்டுபிடிக்கவில்லை, அப்படியே மயக்கப் போகிறார்கள் என்று அதைவிடப் பெரிய பயம். எழும்பிப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நேரம் இருந்தது, கால் எழும்பவில்லை.

பின்னேரம் நிபுணர் வந்து, கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, நல்லபடி முடிந்தது என்றார். மகள் அழுதாள். நான் ஜெபம் பண்ணினேன். என்னத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் காய்ந்தது. நான் காலைச் சாப்பாட்டு நேரம் போனபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு ஒரு நிறமாக இருந்தது, எனக்குப் பிடிக்காத நிறம். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, நியூமோனியா என்றார்கள். மத்தியானத்துக்குள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒட்சிசன் முகமூடிக்குள் அவருடைய முகம் சின்னதாகப் போயிருந்தது. நான்தான் செய்தேன் என்று எனக்குள் ஒரே சொல்லுத்தான் ஓடியது. மகள் என் தோளைப் பிடித்தபடி, "அம்மா, இது என்ரை தடிமனோ?" என்று கேட்டாள். "விசர்க்கதை கதையாதை," என்று அவள் மேல் சீறி விழுந்தேன். பாவம், அவளுக்கு ஏன் ஏச்சு விழுந்தது என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

அன்று பின்னேரம் அந்த மயக்க மருந்து டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நடந்தது டொக்டர்? ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சது எண்டவை."

"ஒப்பரேசன் நல்லபடிதான் ரீச்சர். ஆனால் உடம்புக்கு அது ஒரு பெரிய காயம். நாங்கள் சுத்தமாய் வெட்டினாலும் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதலிலை இருக்கிற பலம் எல்லாத்தையும் வெட்டின இடத்துக்குத்தான் அனுப்பும். பிறகு களைச்சுப்போகும். அந்தக் களைப்பிலை கொஞ்ச நாளைக்கு வெள்ளைக் கலங்கள் மந்தமாய்த்தான் வேலை செய்யும். அதுதான் கிருமிக்கு நல்ல நேரம்."

"மயக்க மருந்தாலையோ?"

"அதுவும் ஒரு பங்கு. தொண்டைக்குள்ளை குழாய் வைக்கிறம், அப்ப சளியை மேலை தள்ளுற சின்ன மயிர்கள் கொஞ்ச நேரத்துக்கு அடங்கிப்போகும். நோவுக்குக் குடுக்கிற சில மருந்தும் எதிர்ப்பைக் குறைக்கும். அதுக்காக நோவை விடவும் ஏலாது, நோவும் அதைத்தான் செய்யும். உடம்பு குளிர்ந்தாலும் கூடாது. பயமும் கூடாது. உதிலை எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது."

"பயமோ?"

"ஓம். பயத்திலை உடம்பு சுரக்கிற சாமான்களும் அந்தக் கலங்களை அமத்தும்."

அந்தச் சொல் எனக்குள் போய் இருந்துவிட்டது. என் கணவர் பொய்யோடு உள்ளே போனார் என்பதை நினைத்திருந்தேன். பயத்தோடு போனார் என்பதை நினைக்கவில்லை. நான் கரும்பலகையில் கீறிய கலங்கள் எல்லாம் எப்போதும் சுறுசுறுப்பானவை, எப்போதும் கிருமியைப் பிடிப்பவை. களைத்துப்போய்ப் படுத்திருக்கும் கலத்தை நான் ஒரு பிள்ளைக்கும் கீறிக் காட்டியதில்லை.

"முந்தியே ஆருக்காவது தடிமன் இருந்திருந்தால்?" என்று கேட்டேன். ஆருக்காவது என்று சொன்னேன்.

டொக்டர் கையிலிருந்த கோப்பை மூடினார். "தெரிஞ்சால் அதுக்கேற்ற மாதிரி நாங்கள் யோசிச்சுச் செய்வம் ரீச்சர்," என்றார். "இப்ப அவருக்கு மருந்து கொஞ்சம் கேக்குது. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

ஆறு நாள் அங்கே இருந்தார். மகள் லீவை ஒரு கிழமை நீட்டினாள். அவர் வாட்டுக்குத் திரும்பி, எழும்பி இருந்து ஒரு கோப்பை கஞ்சி குடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எனக்கு அந்தக் கஞ்சியைப் பார்த்தும் பயம் தீரவில்லை. ஒரு தரம் கீழே போன உடம்பின் காவல் எப்போது திரும்பி வரும் என்று எனக்கு யார் சொல்லுவார்கள்?

வீட்டுக்கு வந்த பிறகு வேறு சண்டை தொடங்கியது. எங்கள் ஊரில் வருத்தம் பார்க்க வராதவனை மன்னிக்கமாட்டார்கள். வந்தவனை உள்ளே விடாத வீட்டை அதைவிட மன்னிக்கமாட்டார்கள். தோடம்பழமும் முந்திரிகைப்பழமும் மால்ட் பெட்டியும் கையில் ஏந்திச் சனம் வந்தது. கட்டிலில் ஏறி இருந்து, கையைப் பிடித்து, வயிற்றுப் பையை ஒருக்கால் காட்டச் சொல்லிக் கேட்கிற சனம். நான் கேற்றுக்குச் சங்கிலி போட்டேன். "டொக்டர் விடவேண்டாம் எண்டவர்," என்று எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினேன். சேர்ச்சில் இருந்து மாதர் சங்கத்தார் ஜெபம் பண்ண வந்தார்கள். அதில் ஒருவர் இருமினார். பதினொரு பெண்களையும் முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, யன்னலுக்கு வெளியே இருந்தபடியே ஜெபம் பண்ண வைத்தேன். கர்த்தருக்கு யன்னலாலும் கேட்கும் என்றேன். என் கணவரின் மச்சாள் முறையான ஒருவர் பழப்பையைக் கேற்றில் கொழுவிவிட்டுப் போனவர், இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

அவர் கட்டிலில் படுத்தபடி சிரித்தார். "உமக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார். "ஊர் முழுக்கப் பகையாக்கிப் போட்டீர்."

"பரவாயில்லை," என்றேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் அவர் என்னை என்ன கண்ணால் பார்ப்பார் என்று பயம். அந்தப் பொய்யை அவரும் கேட்டவர்தானே, கேட்டுத் தலையைக் குனிந்தவர்தானே. மறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டேன். அவர் இருமினால் குசினியில் என் கை நின்றுவிடும். அடுத்த இருமல் வருகிறதா என்று காத்திருந்து, வராவிட்டால்தான் தேங்காயைத் துருவுவேன். இப்படியே நாலு மாதம்.

பிறகு பையை எடுத்துக் குடலைப் பொருத்தும் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. மகள் மறுபடியும் லீவு எடுத்தாள். இந்தமுறை மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். வீட்டிலும் இரண்டு நாள் அதைக் கழற்றவில்லை, தகப்பனுக்குத் தூர நின்று கை காட்டினாள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு கவனத்துக்கும் பிறகு, ஒப்பரேசனுக்கு முதல் நாள் கிளினிக்குக்குப் புறப்படும் காலையில், பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற மனுசன் இரண்டு தரம் தும்மினார். தும்மிவிட்டு மூக்கைத் துடைத்தார். கிணற்றடியில் நின்ற நான் வாளியை அப்படியே கீழே வைத்தேன்.

கிளினிக்கில் அதே டொக்டர். கோப்பு மட்டும் இப்போது தடித்துப்போயிருந்தது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவர். சீனி, பிறஷர், கட்டிய பல். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தடிமன், இருமல் ஏதும் ஐயா?"

அவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"இருக்கு டொக்டர்," என்றேன். "இண்டைக்குக் காலமை தும்மினவர். மூக்காலை ஓடுது." நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "போனமுறையும் இருந்தது. மூண்டு நாள் தடிமன். நீங்கள் கேட்டனீங்கள், நான்தான் ஒண்டுமில்லை எண்டு சொன்னனான். பிள்ளையின்ரை லீவு முடிஞ்சுபோகுமெண்டுதான் அப்பிடிச் சொன்னனான். அதாலைதான் அவருக்கு நியூமோனியா வந்தது. என்ரை வாயாலைதான் வந்தது."

மகள் "அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை அழவைத்த ரீச்சர், கிளினிக் கதிரையில் இருந்து மூக்குறிஞ்சி அழுதேன்.

டொக்டர் கோப்பின் தாள்களைப் பின்னுக்குப் புரட்டினார். ஒரு தாளை எடுத்து, அவரைப் பார்த்து, "காட்டட்டோ ஐயா?" என்று கேட்டார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

இங்கிலிசில் எழுதிய சின்னக் கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தேன். முதல் ஒப்பரேசன் அன்றைய திகதி. சத்திரசிகிச்சைக் கூட வாசலில் நோயாளி தானாகவே சொன்னது: மூன்று நாளாகத் தடிமன், காய்ச்சல் இல்லை. நெஞ்சு சோதிக்கப்பட்டது. எக்ஸ்ரே தெளிவு. குடல் அடைபட்டு வருவதால் தள்ளிப்போட முடியாது, நிபுணருடன் பேசி முடிவெடுத்தது. அவர் அன்று தாதியைக் கூப்பிட்டது சலத்துக்கு இல்லை. அந்த ஒரு மணித்தியாலம் பிந்தியது என் கணவரின் வாயால். நியூமோனியாவுக்குக் கொடுத்த மருந்துகூட, அவர்கள் முன்பே நினைத்து அந்தத் தாளில் எழுதி வைத்திருந்த மருந்து.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. நோயாளியின் வேண்டுகோள்: மனைவிக்கும் மகளுக்கும் இதைச் சொல்லவேண்டாம். தனக்கு ஏதாவது நடந்தால் மட்டும் மனைவிக்குச் சொல்லவும்.

"என்னத்தைச் சொல்லச் சொன்னனீங்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "நான் சொல்லிப்போட்டுத்தான் படுத்தனான் எண்டு," என்றார். "செத்துப்போனால் நீர் உம்மைத்தானே திண்டுகொண்டு இருப்பீர். அதுக்குத்தான். நான்தான் சாகேல்லையே, பிறகு என்னத்துக்குச் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்."

தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் கடிதங்களைப் பத்திரமாக வைத்துக் கொடுத்த மனுசன். எனக்குக் கொடுக்கவேண்டியதையும் அப்படித்தான் ஒரு கோப்புக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தப்பிவிட்டதால் அது எனக்கு வந்து சேரவில்லை. உள்ளே போகும் நேரத்தில் அவருடைய பயமெல்லாம் அவருடைய உயிரைப் பற்றியதாக இருக்கவில்லை என்பது எனக்கு அந்தக் கதிரையில் வைத்துத்தான் விளங்கியது.

டொக்டர் இந்தமுறை நாளைத் தள்ளிவைத்தார். அன்றைக்குக் காத்து நிற்க நேரம் இருக்கவில்லை, இன்றைக்கு இருக்கிறது, பை இன்னும் ஆறு கிழமை இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, தடிமன் மாறி உடம்பு தேறட்டும் என்றார். மகளின் லீவு அதற்குள் முடிந்துவிடும். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் இல்லாமலே செய்யட்டும் அம்மா," என்றாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லாமல் இருந்தால் காணும்."

ஓட்டோவில் திரும்பினோம். மகள் முன்னால் இன்னொரு ஓட்டோவில், மாஸ்க்கோடு. கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் களப்புக் காற்று உள்ளே அடித்தது. அவருடைய சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டேன். அவர் தும்மினார்.

"எனக்குப் பயமாயிருக்கு," என்றேன். நாற்பது வருடத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவர் மூக்கைத் துடைத்துக் கைலேஞ்சியை மடித்துச் சேட் பைக்குள் வைத்தார். "எனக்கும்தான்," என்றார். பிறகு, "அண்டைக்கு அந்த ஒப்பரேசன் கதவடியிலை நீர் என்னோடை நிண்டனீர். இந்தமுறையும் வாரும்," என்றார்.